லீவரைத் தொடாதபோது ஆயில் எங்கே போகிறது?

டிராக்டர் ஹைட்ராலிக் என்றால் எல்லோரும் தூக்கும் நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை கிலோ தூக்கும், எவ்வளவு சீக்கிரம் தூக்கும் என்பதுதான் ஷோரூமில் கேட்கப்படும் கேள்வி. ஆனால் வேடசந்தூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் நாள் முழுக்க உழும் டிராக்டரில், கை லீவரைத் தொடும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் சொற்பம்தான். வரப்போரம் வந்ததும் கலப்பையைத் தூக்குகிறார்கள், திரும்பியதும் இறக்குகிறார்கள். மற்ற நேரமெல்லாம் லீவர் சும்மா கிடக்கிறது. பம்பு மட்டும் ஓயாமல் சுற்றுகிறது. அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தில் பம்பு தள்ளும் ஆயில் எங்கே போகிறது? டிராக்டர் வால்வுகளை ஓப்பன் சென்டர் என்றும் குளோஸ்டு சென்டர் என்றும் பிரிப்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான்.

ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி இல்லை இது. திண்டுக்கல் சமவெளியில் டிராக்டர் இப்போது உழவோடு நிற்பதில்லை. கண்மாய் வண்டலை அள்ளிவர டிப்பர் டிரெய்லர், தோப்பில் மட்டை அள்ளவும் மண் தள்ளவும் முன்னால் லோடர், கல் கலந்த செவலைக் காட்டுக்குப் புரட்டிப் போடும் ஹைட்ராலிக் கலப்பை, சொட்டுநீர் போடும் முன் நிலத்தைச் சமன்படுத்த லேசர் லெவலர் என்று ஒவ்வொன்றும் ஒரு வால்வோடு வருகிறது. டிராக்டர் ஒரு கம்பெனி, லோடர் இன்னொரு பட்டறை, வால்வு பழைய இரும்புக் கடையில் வாங்கியது. மூன்றும் ஒரே ஹோஸில் சேரும்போதுதான், அந்த வால்வு நடுநிலையில் ஆயிலை விடுமா, அடைக்குமா என்பது காசாகவும் சூடாகவும் தெரிகிறது.

வால்வின் உள்ளே இருப்பது ஸ்பூல் என்ற ஓர் இரும்புக் கோல். அதன் உடம்பில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். வார்ப்பு உடலில் துளைத்த துளைக்குள் அது முன்னும் பின்னும் நகரும். ஒரு பக்கம் தள்ளினால் பம்பின் ஆயில் சிலிண்டரின் ஒரு முனைக்குப் போகும். மறுபக்கம் இழுத்தால் எதிர் முனைக்குப் போகும். இரண்டுக்கும் இடையே ஸ்பிரிங் அதைக் கொண்டுவந்து நிறுத்தும் இடம்தான் சென்டர். கோலுக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். செம்மண் புழுதி ஹோஸ் முனையில் ஒட்டி உள்ளே போனால் அது கீறுவது இந்த இடத்தைத்தான். பிறகு தூக்கி நிறுத்திய பக்கெட் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கும்.

ஓப்பன் சென்டரில் ஸ்பூல் நடுவில் நிற்கும்போது பம்பிலிருந்து வரும் ஆயில் வால்வின் நடு வழியாக நேரே தொட்டிக்குத் திரும்பிவிடும். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, வாய்க்காலில் தண்ணீர் கடைசி வரை போய்க்கொண்டே இருப்பது போலத்தான் இது. பாத்திக்கு வேண்டுமென்றால் மடையைத் திருப்பி வாய்க்காலை மறிக்கிறோம். தண்ணீர் அங்கே பாய்கிறது. குளோஸ்டு சென்டர் சொட்டுநீர்க் குழாயைப் போன்றது. குழாய் எப்போதும் அழுத்தத்தோடு நிரம்பி நிற்கும். கேட் வால்வைத் திறந்த இடத்தில் மட்டும் தண்ணீர் போகும். ஒப்புமை இதுவரைக்கும்தான் சரி. வாய்க்காலில் மறித்த தண்ணீர் கரையை மீறி வழிந்து தப்பித்துக்கொள்ளும். ஆயிலுக்கு வழிய இடமில்லை. மறித்த மறுகணம் அழுத்தம் ஏறும். எதிரே இருக்கும் சுமையைத் தூக்கும் அளவுக்கு ஏறியதும் சிலிண்டர் நகரும். சிலிண்டர் முட்டி நின்றுவிட்டால் ரிலீஃப் வால்வு திறந்தால்தான் பம்பு தப்பிக்கும்.

நம் ஊரில் ஓடும் 30 முதல் 55 குதிரைத்திறன் டிராக்டர்களில் பெரும்பாலானவை ஓப்பன் சென்டர்தான். மஹிந்திரா, சுவராஜ், சோனாலிகா, குபோட்டா என எதைத் திறந்தாலும் இரண்டு பல்சக்கரங்கள் பிணைந்து சுற்றும் கியர் பம்பைப் பார்க்கலாம். அமெரிக்காவில் குளோஸ்டு சென்டருக்குப் பேர்போன ஜான் டியர்கூட, இந்தியாவில் 5000 வரிசையைக் கியர் பம்போடுதான் விற்கிறது. கியர் பம்பின் குணம் எளியது. ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று தள்ளிக்கொண்டே இருக்கும். கூட்டவோ குறைக்கவோ அதற்குத் தெரியாது. சுற்றுக்கு 15 மில்லிலிட்டர் பம்பு, நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 30 லிட்டர். என்ஜினை ஐடிலிங்கில் விட்டால் அதில் பாதிக்கும் கீழே. லோடர் ஓட்டுகிறவர் பக்கெட்டைத் தூக்கும்போதெல்லாம் ஆக்ஸிலரேட்டரை ஏற்றுவது இதனால்தான்.

இந்த 30 லிட்டர் ஓயாமல் சுற்றுவது வீண் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஹைட்ராலிக்கில் செலவாகும் சக்தி என்பது அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வருவது. பாரில் உள்ள அழுத்தத்தையும் நிமிடத்துக்கு லிட்டரில் உள்ள ஓட்டத்தையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். நடுநிலையில் ஆயில் தொட்டிக்குப் போக 5 பார் போதும். 5 பெருக்கல் 30, வகுத்தல் 600: கால் கிலோவாட். 30 கிலோவாட் என்ஜினுக்கு இது பொருட்டே இல்லை. ஓப்பன் சென்டரின் பலம் இந்தக் கால் கிலோவாட்டில் இருக்கிறது. அழுத்தம் தேவைப்படும்போது மட்டும் எழுகிறது. தேவை முடிந்ததும் படுத்துவிடுகிறது.

பலவீனம் வேறிடத்தில். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் கேட்டால் இது தடுமாறும். லோடரில் பக்கெட்டைத் தாங்கும் கையான பூமைத் தூக்கிக்கொண்டே பக்கெட்டைக் கவிழ்த்தால், ஆயில் எதிர்ப்புக் குறைந்த பக்கம் போகும். லேசான பக்கெட் சட்டென்று கவிழும், கனமான பூம் நின்றுவிடும். மெதுவாக நகர்த்த வேண்டி ஸ்பூலைப் பாதி திறந்தாலும் நட்டம் உண்டு. 60 பார் கேட்கும் வேலைக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போதும் என்றால், மீதி 20 லிட்டரும் அதே 60 பாரில் நடுவழியாகத் திரும்புகிறது. 2 கிலோவாட் சூடாகப் போகிறது.

குளோஸ்டு சென்டரைப் பெரிய அளவில் டிராக்டருக்குக் கொண்டுவந்தது ஜான் டியர். 1960 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் டாலஸ் நகரில் 3010, 4010 ஆகிய மாடல்களை அந்தக் கம்பெனி அறிமுகம் செய்தது. ஸ்டியரிங், பிரேக், லிஃப்ட், பின்னால் இருக்கும் ரிமோட் வால்வுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பம்பு. அது கியர் பம்பு இல்லை. நடுவில் சுற்றும் ஓர் எக்சென்ட்ரிக் தண்டைச் சுற்றி வட்டமாக எட்டு பிஸ்டன்கள். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் உள்ளே போய் வெளியே வந்து ஆயிலைத் தள்ளும். யாரும் ஆயில் கேட்காதபோது அழுத்தம் ஏறிக்கொண்டே போய், சுமார் 2,250 பி.எஸ்.ஐ., அதாவது 155 பாரைத் தொட்டதும், ஒரு சிறு வால்வு பம்பின் வயிற்றுக்குள்ளேயே அழுத்தமான ஆயிலை அடைத்து வைக்கும். அந்த ஆயில் பிஸ்டன்களைத் தண்டின் மேல் உட்கார விடாமல் வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். தண்டு சுற்றும், பிஸ்டன்கள் அசையா. கசிவை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் பம்பு வேலை செய்யும். யாராவது லீவரைத் தொட்டால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். உடனே பிஸ்டன்கள் மீண்டும் தண்டில் இறங்கி முழு ஓட்டத்தைக் கொடுக்கும். இதைவிட அழகான ஏற்பாட்டை நான் டிராக்டரில் பார்த்ததில்லை. ஐடிலிங்கிலும் ஸ்டியரிங் இலகுவாக இருக்கும். இரண்டு மூன்று வேலைகளை ஒன்றாகக் கேட்டாலும் ஒவ்வொரு வால்வின் வாசலிலும் அதே 155 பார் காத்திருக்கும்.

ஆனால் அந்த 155 பாருக்கும் விலை உண்டு. 60 பாரில் தூக்கக்கூடிய சுமைக்கும் 155 பார் ஆயிலைத்தான் கொடுக்க முடியும். மீதி 95 பார் வால்வின் குறுகிய வழியில் உராய்ந்து சூடாகிவிடும். 30 லிட்டர் ஓட்டத்தில் அது கிட்டத்தட்ட 4¾ கிலோவாட். இதைச் சரிசெய்ய வந்ததுதான் லோடு சென்சிங். வால்விலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் பம்புக்கு ஓடும். சுமைக்கு எத்தனை பார் தேவை என்பதை அது பம்புக்குத் தெரிவிக்கும். பம்பு அதைவிடச் சுமார் 20 பார் மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளும். நட்டம் ஒரு கிலோவாட்டுக்கு இறங்குகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களில் இன்று இதுதான் வழக்கம். நம் சமவெளியில் அந்த அளவு டிராக்டர் அபூர்வம் என்பதால் இதை இத்துடன் விட்டுவிடலாம்.

இரண்டிலும் சேராத சிவப்பு டிராக்டர்

பாடப் புத்தகங்கள் ஓப்பன், குளோஸ்டு என்று இரண்டைச் சொல்லி முடித்துவிடும். திண்டுக்கல்லில் அப்படி முடிக்க முடியாது. கொடைரோடு பக்கம் கல்லடிப்பட்டியில் டாஃபேயின் தொழிற்சாலை இருக்கிறது. அந்தக் கம்பெனியின் சிவப்பு மாசே பெர்குசன் டிராக்டர்கள் இந்த வட்டாரமெங்கும் ஓடுகின்றன. 1035, 241 வரிசை டிராக்டர்களின் லிஃப்ட் பம்பு இந்த இரண்டு வகையிலும் அடங்காது. அதன் வேர் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசனிடம் இருக்கிறது. கலப்பையை டிராக்டரோடு பிணைத்து, அதன் ஆழத்தைத் தானாகச் சீர்செய்யும் முறைக்கு அவர் 1925-இல் காப்புரிமை கேட்டார். 1936-இல் பெர்குசன்-பிரவுன் டிராக்டர், 1939-இல் ஃபோர்டோடு சேர்ந்து 9என், 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் டி.இ.20 என்று அது வளர்ந்தது. 1953-இல் கனடாவின் மாசே-ஹாரிஸ் கம்பெனியோடு பெர்குசன் இணைந்தார். அந்த வழியில் வந்த மாசே பெர்குசன் (எம்.எஃப்.) 35-இன் வாரிசுதான் 1960-இல் மெட்ராசில் தொடங்கிய டாஃபே செய்த டிராக்டர்.

மற்றவர்கள் எல்லாம் வால்வைப் பம்புக்குப் பின்னால் வைத்தார்கள். தள்ளப்பட்ட ஆயிலை எங்கே அனுப்புவது என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி. பெர்குசன் வால்வைப் பம்புக்கு முன்னால், அது ஆயிலை உறிஞ்சும் வாசலில் வைத்தார். வேண்டாதபோது பம்பை உறிஞ்சவே விடாவிட்டால் போதும்; தள்ளிய பிறகு அதைத் திருப்பிவிடும் பாடே இல்லை. இந்தச் சிந்தனை எனக்கு இன்னும் வியப்பூட்டுவது. கியர் பாக்ஸ் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி நிற்கும் பம்பில் நான்கு சிறு பிஸ்டன்கள். பின்னால் பூட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டில் இருக்கும் கேம்கள் அவற்றை முன்னும் பின்னும் ஆட்டும். லீவரை ஏற்றினால் உறிஞ்சும் துளை திறக்கும். ஆயில் உள்ளே வந்து, மேல் மூடிக்குக் கீழே இருக்கும் ஒற்றை லிஃப்ட் சிலிண்டருக்குப் போகும். தேவையான உயரம் வந்ததும் உள்ளிருக்கும் நெம்புகோல் அந்தத் துளையை மூடிவிடும். பிஸ்டன்கள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். தள்ளுவதற்கு ஆயில் மட்டும் இராது. இறக்க வேண்டுமானால் அதே வால்வு இன்னும் நகர்ந்து, சிலிண்டரில் நிற்கும் ஆயிலை வெளியே விடும்.

ஆக நடுநிலையில் ஆயில் தொட்டிக்குத் திரும்பவும் இல்லை, அழுத்தத்தோடு காத்திருக்கவும் இல்லை. அது ஓடவே இல்லை. சூடும் இல்லை; சக்தி நட்டமும் அநேகமாக இல்லை.

இழுவிசைக்கு ஏற்பக் கலப்பையின் ஆழத்தை மாற்றும் டிராஃப்ட் லீவரின் வேலையும் இதே வால்வில்தான். கலப்பை கெட்டி மண்ணில் ஏறினால் இழுவிசை கூடும். மேல் லிங்க் பின்னாலிருக்கும் தடித்த ஸ்பிரிங்கை நெருக்கும். அந்த நெருக்கம் வால்வைச் சற்று நகர்த்திக் கலப்பையைக் கொஞ்சம் மேலே எடுக்கும். இழுவை குறைந்ததும் கலப்பை பழைய ஆழத்துக்குப் போகும். குஜிலியம்பாறை, எரியோடு பக்கத்துக் காடுகளில் பத்தடிக்கு ஒரு விதமாக மண் மாறும் இடங்களில், டிராஃப்டைச் சரியாக வைத்து ஓட்டினால் சக்கரம் வழுக்குவது நன்றாகக் குறையும். பலர் உயரத்தை மட்டும் வைக்கும் பொசிஷன் லீவரோடு நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான். வால்வு அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பம்பின் ஆட்டத்தைக் கொண்டே அதை இடைவிடாமல் சிறிது அதிரவைக்கும் ஏற்பாடும் பிற்காலப் பம்புகளில் உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். பம்பு பி.டி.ஓ. ஷாஃப்டில் இருப்பதால் அந்த ஷாஃப்ட் சுற்றாவிட்டால் லிஃப்ட் இல்லை. ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தாலே தூக்குவது நின்றுவிடும். இரட்டை கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், லிஃப்ட் ஓடும். ஆயில் கியர் பாக்ஸோடு பொது என்பதால் பல்சக்கரங்களிலிருந்து உதிரும் இரும்புத் துகளும் பம்புக்குத்தான் வரும். உறிஞ்சும் வாசலில் இருக்கும் ஸ்டிரெய்னரைக் கழுவாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிட்டு, தூக்கவில்லை என்று பம்பையே மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

வெளி வேலைக்கு இந்தப் பம்பைப் பயன்படுத்த வேண்டுமானால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எம்.எஃப். 135 போன்ற வண்டிகளின் லீவர்ப் பாதையில், தூக்கும் எல்லைக்கு அப்பால், பம்பு இடைவிடாமல் உறிஞ்சித் தள்ளும் ஓரிடம் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. லீவர் அங்கே இருக்கும் வரை அந்த வண்டி ஓப்பன் சென்டர் வண்டியைப் போல ஆயில் கொடுக்கும்; அந்த ஆயிலுக்குத் திரும்பும் வழி வெளியே போட்ட வால்வில் இருந்தாக வேண்டும். வழி இல்லையென்றால் ரிலீஃப் வால்வு கத்தத் தொடங்கும். ஓட்டமும் குறைவு, ஏனென்றால் இந்தப் பம்பு லிஃப்டுக்காகப் பிறந்தது. டிப்பரைத் தூக்கும், லோடருக்கு மெதுவாகத்தான் ஓடும். லோடர் வேலை அதிகமாக இருக்கிறவர்கள் என்ஜினில் தனியாக ஒரு கியர் பம்பு பொருத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

பொருந்தாத சேர்க்கை

இப்போது கெடுதல் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். கியர் பம்பு உள்ள ஓப்பன் சென்டர் டிராக்டரில், யாரோ குளோஸ்டு சென்டர் வால்வு ஒன்றைக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொருத்திய உடனே அது வேலை செய்யும். சிலிண்டர் நீளும், சுருங்கும். யாருக்கும் சந்தேகம் வராது. லீவரை விட்டதும் நடுவழி அடைபடுகிறது. பம்போ நிறுத்தத் தெரியாதது. ஆயில் ரிலீஃப் வால்வை உடைத்துக்கொண்டு போவது போல 180 பாரில் அதன் வழியே தொட்டிக்குப் போகும். 180 பெருக்கல் 30, வகுத்தல் 600: 9 கிலோவாட். 40 குதிரைத்திறன் வண்டியில் 12 குதிரைத்திறன் எந்த வேலையும் செய்யாமல் சூடாகிறது. டீசல் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர். தொட்டியில் 30 லிட்டர் ஆயில் இருந்தால் அதை அந்த 9 கிலோவாட் நிமிடத்துக்குப் பத்து டிகிரி வரை சூடேற்றும்; இரும்பு உடலும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும் அரை மணிக்குள் ஆயில் கையால் தொட முடியாத நிலைக்கு வந்துவிடும். சித்திரை வெயிலில் ஏற்கெனவே நாற்பதைத் தொடும் ஊர் இது. ஆயில் தண்ணீராக மெலிந்து, ரப்பர் சீல்கள் இறுகி, ஓ-ரிங்குகள் வெடிக்கும். ‘காலையில் நல்லாத் தூக்குது, மதியத்துக்கு மேல தூக்க மாட்டேங்குது’ என்று பட்டறைக்கு வரும் புகாரில் பாதிக்கு இந்தச் சூடுதான் காரணம் என்பேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. குளோஸ்டு சென்டர் பம்பின் வரியில் ஓப்பன் சென்டர் வால்வைப் போட்டால், நடுவழியாக ஆயில் எப்போதும் ஓடிவிடுவதால் பம்புக்கு ஓய்வு நிலை வராது. முழு ஓட்டமும் ஓயாமல் சுற்றும். அழுத்தம் எழாததால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் தளர்ந்துவிடும். நம் பக்கம் இது குறைவு. பழைய இறக்குமதி வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

இங்கே அடிக்கடி நடப்பது மூன்றாவது தவறு. ஓப்பன் சென்டர் டிராக்டரில் பம்புக்கும் பின் லிஃப்டுக்கும் நடுவே லோடர் வால்வு ஒன்றை நுழைக்கிறார்கள். வால்வின் வெளியேறும் துளையை லிஃப்டுக்குப் போகும் குழாயோடு சேர்த்துவிடுகிறார்கள். லிஃப்ட் லீவரைத் தூக்கியதும் அந்தக் குழாயில் அழுத்தம் 180 பார் வரை ஏறும். அது நேரே வால்வின் திரும்பும் அறைக்குள் போகும். திரும்பும் அறை சில பார்களுக்காகச் செய்யப்பட்ட மெல்லிய வார்ப்பு. சீல் பிதுங்கும், இல்லையென்றால் வார்ப்பே பிளக்கும். இதற்கென்று பவர் பியாண்ட் என்ற ஒரு குழல் இருக்கிறது. அதைத் திருகினால் நடுவழியாக வரும் ஆயில் திரும்பும் அறையைத் தொடாமல் தனியாக வெளியே வந்து லிஃப்டுக்குப் போகும். சிலிண்டரிலிருந்து திரும்பும் ஆயிலுக்கு வேறு ஹோஸ் நேரே தொட்டிக்குப் போடப்பட வேண்டும். ஒரு குழல், ஒரு ஹோஸ், சில ஃபிட்டிங்குகள் மட்டுமே. இவற்றைச் சேமிக்கப் போய்ப் பம்பும் வால்வும் போகின்றன.

பல வால்வுகளின் வெளியேறும் முனையில் ஒரு பிளக் இருக்கும். ஒரு வகைப் பிளக் போட்டால் ஓப்பன் சென்டர். வேறு வகை போட்டால் குளோஸ்டு சென்டர். குழலைப் போட்டால் பவர் பியாண்ட். வெளியே பார்க்க மூன்றும் ஒரே வால்வுதான். லேசர் லெவலர் விஷயத்தில் இது மிக முக்கியம். அதன் மின் வால்வு ஒரு நொடிக்குள் பலமுறை சின்னச் சின்னத் தட்டுகளாகத் திறந்து மூடும். பெரும்பாலான நேரம் நடுநிலையில்தான் நிற்கும். பிளக் மாறிப் போனால் கட்டி இழுக்கும் நேரம் முழுவதும் ரிலீஃப் திறந்தே இருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ தனியாரிடமோ லெவலரை வாடகைக்கு எடுத்துத் தன் டிராக்டரில் கட்டுகிற விவசாயி, ஏக்கருக்கு எத்தனை மணி ஆகும் என்று கேட்பதோடு இதையும் கேட்க வேண்டும்.

எது நமக்கு?

குளோஸ்டு சென்டர் உயர்ந்தது, ஓப்பன் சென்டர் மலிவானது என்று சிலர் எண்ணுகிறார்கள். இந்தச் சமவெளியைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கவில்லை. இங்கே டிராக்டரின் நாள் இரண்டு விதமாகக் கழிகிறது. ஒன்று, கலப்பையோ ரோட்டவேட்டரோ பூட்டி மணிக்கணக்கில் ஓட்டுவது. அப்போது ஹைட்ராலிக்குக்கு வேலை சொற்பம், கால் கிலோவாட்டில் ஆயில் ஓடிக்கொண்டிருப்பதே லாபம். மற்றது, டிப்பரும் லோடரும். அப்போது ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. இரண்டுக்கும் கியர் பம்பு போதும். அதோடு கியர் பம்பு தூசியையும் கொஞ்சம் காற்றையும் பொறுத்துக்கொள்ளும். பழுதானால் நத்தம் சாலையிலோ பழநி சாலையிலோ ஒரு பட்டறையில் சீல் கிட் மாற்றி அன்றைக்கே ஓட்டிவிடலாம். பிஸ்டன் பம்பைத் திறந்து சரிசெய்ய டெஸ்ட் பெஞ்ச் வேண்டும்; அழுக்கு அதற்கு ஆகவே ஆகாது. உழவு நாளில் மழைக்குப் பின் கிடைக்கும் இரண்டு மூன்று நாள் ஈரம் போய்விட்டால் பிறகு எந்தப் பம்பும் உதவாது.

ஒரே டிராக்டரில் நாள் முழுக்க லோடர் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். பூமும் பக்கெட்டும் ஸ்டியரிங்கும் ஒரே நேரத்தில் ஆயில் கேட்கும் வேலை அது. ஸ்டியரிங்குக்குத் தனிப் பம்பு, லோடருக்குத் தனிப் பம்பு என்று பிரித்துக்கொள்வதால் இப்போதைக்குச் சமாளிக்கலாம். பெரிய வண்டிகள் இந்தப் பக்கம் பெருகும்போது லோடு சென்சிங் கூடவே வரும்.

அது வருவதற்குள் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். டிராக்டரோடு கொடுக்கும் கையேட்டில் ஹைட்ராலிக் வரைபடம் தமிழில் இருக்க வேண்டும். பம்பு எந்த வகை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ரிலீஃப் எத்தனை பார், வெளி வால்வை எந்த இடத்தில் நுழைக்கலாம் என்ற நான்கு விவரங்கள் ஒரு பக்கத்தில் அடங்கும். லோடர் செய்கிற பட்டறைகளும் வால்வு மேல் ஒரு தகட்டில் பிளக் வகையைப் பொறித்துத் தரலாம். காந்திகிராமத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் மையம் போன்ற இடங்களில் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அரை நாள் வகுப்பாக இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

அதுவரை தன் வண்டி எது என்று தெரியாதவர்கள் ஒரு பிரஷர் கேஜை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கலப்பையைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லீவர்களை முன்னும் பின்னும் அசைத்து உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுப் பம்பிலிருந்து வால்வுக்குப் போகும் வரியில் கேஜை இணைக்க வேண்டும். பின்னால் இருக்கும் குயிக் கப்ளரில் மாட்டினால் பயனில்லை. நடுநிலையில் ஸ்பூல் அந்தத் துளையை அடைத்துவிடும், கேஜுக்குப் பம்பு தெரியாது. என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு லீவரைத் தொடாமல் பார்த்தால், சில பார் மட்டும் காட்டுவது ஓப்பன் சென்டர். 150 பார் அளவில் நிலையாக நிற்பது குளோஸ்டு சென்டர். 20, 30 பாரில் நின்று லீவரைத் தொட்டதும் ஏறுவது லோடு சென்சிங். உறிஞ்சும் பக்கம் வால்வு உள்ள பழைய பெர்குசன் முறையில் அதே நிலையில் கேஜ் ஒன்றும் காட்டாது. கசிவைத் தேடும்போது மட்டும் விரலால் தடவக் கூடாது. ஊசித் துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் கையையே இழக்கும் அளவுக்கு அது ஆபத்து. அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு. பழைய வால்வு வாங்குகிறவர்கள் கடையிலேயே வெளியேறும் முனையின் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, எந்த வகை என்று உறுதிசெய்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.